முயலுக்கு ஆபத்து நேரும்போது: வீட்டில் கண்டறிவதும் உடனே செய்ய வேண்டியதும்

நாய்க்கு உடம்பு முடியவில்லை என்றால் அது நம் காலடியில் வந்து படுத்து முனகும். முயல் அப்படிச் செய்வதில்லை. அது பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. தளர்ந்து தெரிகிற முயலைத்தான் நரியும் பருந்தும் முதலில் குறிவைக்கும் என்பதால், நின்று நடமாட முடிகிற வரையில் வலியை வெளியே காட்டாதிருப்பது அதன் பிறவிக் குணமாகிவிட்டது. ஆகவே ஒரு முயல் நம் கண்ணுக்கு நோயாளியாகத் தெரியும் வேளையில், அது ஏற்கெனவே பல மணி நேரம் நோயோடு போராடியிருக்கும்.

மதுரையில் எங்கள் வீட்டில் பதினோரு ஆண்டுகளாக முயல்கள் வளர்கின்றன. முதல் முயலான செவலையை நாங்கள் இழந்தது ஒரு சித்திரை மாத இரவில். மாலையில் வைத்த கொத்தமல்லித் தழையை அது முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. வெயிலின் அயர்வு என்று எண்ணி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம். விடிந்தபோது அது கூண்டின் மூலையில் விறைத்துக் கிடந்தது. முந்தைய நாள் மதியம் துடைத்து வைத்த கூண்டின் கழிவுத் தட்டில் ஒரு புழுக்கைகூட விழுந்திருக்கவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தோம். அந்தத் தட்டை இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை பார்த்திருந்தால் செவலை பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. கீழே எழுதியிருப்பவை அனைத்தும், அப்படி வீணாகும் மணி நேரங்களை மீட்பதற்காக எழுதப்பட்டவை.

நலமாக இருக்கும்போதே அறிந்துவைக்க வேண்டியவை

நோயை அறிவதற்கு முன் நலத்தை அறிய வேண்டும். வளர்ந்த முயல் ஒரு நாளில் இருநூறு, முந்நூறு புழுக்கைகள் வரை போடும். அவை ஏறக்குறைய ஒரே அளவில், உருண்டையாக, உலர்ந்து, நசுக்கினால் புல் தூளாக உதிர வேண்டும். இவற்றோடு, கறுத்து, பளபளப்பாக, சிறு திராட்சைக் கொத்துப் போல ஒட்டிய மென்மையான புழுக்கையும் ஒன்று உண்டு. அதை முயல் தன் ஆசனவாயிலிருந்தே நேராக வாயில் வாங்கி உண்டுவிடும். குடலில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் சத்தை உடல் மீண்டும் பெறுவதற்கான ஏற்பாடு அது. அருவருப்புக் கொண்டு அதைத் தடுக்கக் கூடாது.

முயலின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும்; பயந்திருந்தால் 104 வரை போகலாம். ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடும். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்ப்பதை ஒரு கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொண்ட பின்னரே செய்ய வேண்டும். பிடி தவறி முயல் உதைத்தால் காயம் நேரும். அதைக் கற்காதவர்கள் செவியைத் தொட்டு அறியலாம். தினமும் ஒரே வேளையில் இரு செவிகளையும் விரல்களுக்கு இடையே மெல்லப் பிடித்துப் பார்த்துப் பழகியவருக்கு, அவை வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்தாலும் கொதித்தாலும் உடனே தெரிந்துவிடும்.

முயல் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருக்கும் பிராணி. நண்பகலில் அது அசையாமல் கிடப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்தி நேரத்தில் தீனித் தட்டின் ஓசை கேட்டும் எழுந்து வராத முயலை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. எங்கள் வீட்டில் மாலைத் தீவனம் வைக்கும்போது இரண்டு செயல்களைக் கட்டாயமாக்கியிருக்கிறோம்: கழிவுத் தட்டில் புழுக்கை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது, முயல் முதல் வாய் புல்லைத் தின்னும் வரை அருகிலேயே நிற்பது. இதற்கு இரண்டு நிமிடம் போதும். வாரம் ஒருமுறை ஒரு கூடையில் வைத்து எடை பார்த்துக் குறித்துவைப்பதும் நல்லது. பல் நோய் போன்றவை எடையில்தான் முதலில் வெளிப்படும்.

தீனி எடுக்காமை: முதல் அவசரம்

முயலுக்கு நேரும் ஆபத்துகளில் மிகுதியாக வருவதும், மிகுதியாகக் கவனிக்காமல் விடப்படுவதும் இதுதான். முயலின் குடல் இடைவிடாது நகர்ந்துகொண்டே இருக்க வேண்டிய அமைப்பு. நார் நிறைந்த புல் உள்ளே போய்க்கொண்டிருக்கும் வரையில்தான் அது நகரும். ஏதோ ஒரு காரணத்தால் உணவு நின்றால் குடல் மந்தப்படுகிறது. உள்ளே இருப்பது நீர் வற்றிக் கெட்டியாகிறது. நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து வாயு சேர்கிறது. வாயு வலியைத் தருகிறது. வலியால் முயல் இன்னும் உண்ண மறுக்கிறது. இந்தச் சுழல் தானாக அறுவது அரிது. முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது என்பதால் உள்ளே போனதற்கு வெளியேறும் வழி ஒன்றுதான். பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவும் செயலிழக்கத் தொடங்கும்.

கால அளவை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். விருப்பமான தழையைக்கூட ஒரு வேளை மறுத்தால் அப்போதிருந்தே கண்காணிக்கத் தொடங்க வேண்டும். நான்கு முதல் ஆறு மணி நேரம் எதுவும் உண்ணாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் மருத்துவரை அழைக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் கடந்தால் அது உயிருக்கு ஆபத்து. பகலா இரவா என்று பார்க்கக் கூடாது. நாய்க்கு ஒரு நாள் பட்டினி போட்டு வயிற்றைச் சரிசெய்யும் வழக்கத்தை முயலிடம் காட்டவே கூடாது.

உண்ணாமைக்கு முன்பே சில குறிகள் தெரியும். புழுக்கை சிறுத்து, கோணலாகி, எண்ணிக்கை குறையும். சில சமயம் மயிரால் கோத்த மாலை போலத் தொடர்ந்து விழும். முயல் கூனிக் குறுகி உட்காரும், அல்லது வயிற்றைத் தரையில் அழுத்தி அழுத்தி இடம் மாறும். கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும். பல்லை நறநறவென்று கடிக்கும். தடவிக்கொடுக்கும்போது கேட்கும் மெல்லிய பல்லோசை மகிழ்ச்சியின் அடையாளம். ஒதுங்கி உட்கார்ந்து உரக்கக் கடிப்பது வலியின் அடையாளம். இரண்டும் ஒன்றல்ல என்பதை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார்.

இந்நிலையில் வீட்டில் செய்யக்கூடியது வயிற்றின் நிலையைப் பொறுத்தது. வலது கையை வயிற்றின் கீழ் மெல்ல வைத்துப் பாருங்கள். வயிறு மத்தளத் தோல் போல இறுகி உப்பியிருந்து, முயல் திடீரென்று சோர்ந்து, செவி குளிர்ந்திருந்தால் குடல் அடைபட்டிருக்கக்கூடும். தன்னை நக்கும்போது விழுங்கிய மயிர் உருண்டு சிறுகுடலை அடைப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்த முயலுக்கு வாய்வழி எதையும் புகட்டக் கூடாது. புகட்டினால் இரைப்பை மேலும் விரிந்து உயிர் போகும். போர்த்தி, வெதுவெதுப்பாக வைத்து, அந்த நிமிடமே புறப்பட வேண்டும். ஓரிரு மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும் நோய் இது.

வயிறு மென்மையாக இருந்து, முயல் விழிப்போடும் செவிச் சூட்டோடும் இருந்தால், மருத்துவரிடம் பேசிய பின் மெல்லப் புகட்டலாம். முயலுக்கான குச்சித் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, கூழாக மசித்து, வெதுவெதுப்பான பின் ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். முயலைத் துண்டால் சுற்றி மடியில் நேராக உட்கார வைத்து, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில், பக்கவாட்டிலிருந்து, ஒரு முறைக்கு ஒரு மில்லி அளவே விட வேண்டும். அது மென்று விழுங்கிய பிறகே அடுத்தது. மல்லாத்திப் புகட்டினால் கூழ் மூச்சுக்குழலுக்குள் போகும். இரண்டு கிலோ எடையுள்ள முயலுக்கு ஒரு வேளைக்கு இருபது மில்லி வரை, நாளில் மூன்று நான்கு வேளை என்பது பொதுவான அளவு. உங்கள் முயலுக்கு எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். வலிக்கும் முயல் தானாக உண்ணாது என்பதால் வலிநீக்கி மருந்தும், தோலுக்கு அடியில் செலுத்தும் திரவமும் தேவைப்படும். கூழ் புகட்டுவதை அந்தச் சிகிச்சைக்கு மாற்றாகக் கருதுவது பெரும் பிழை.

குடல் ஏன் நின்றது என்று கேட்காமல் விட்டால் மறுமாதமே அது திரும்ப வரும். முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. புல் மென்று தேயாவிட்டால் கடைவாய்ப் பல் முள்ளாக நீண்டு நாக்கையோ கன்னத்தையோ குத்தும். வாயோரம் எச்சில் வடிந்து தாடை நனைந்திருப்பது அதன் அறிகுறி. கேரட், முட்டைக்கோஸ், பிஸ்கட், சோறு என்று வளர்க்கப்படும் முயல்களுக்கே இந்தத் துன்பம் மிகுதி. பொங்கலன்று கரும்பும் வாழைப்பழமும் ஊட்டிவிட்டு மறுநாள் பதறுவோரும் உண்டு. உணவில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும்: அருகம்புல், கோ-4 தீவனப்புல், உலர்த்திய புல். வேலிமசாலும் முருங்கைத் தழையும் அளவோடு போதும். நெல் வைக்கோல் படுக்கைக்கு ஏற்றது. அதை மட்டும் நம்பி முயலை வளர்க்க முடியாது.

மதுரை வெயிலும் முயலும்

முயலுக்கு ஏற்ற வெப்பம் ஏறக்குறைய 15 முதல் 22 டிகிரி செல்சியஸ். 30ஐத் தாண்டினால் அதற்குத் துன்பம் தொடங்கிவிடும். நம் ஊரில் சித்திரையிலும் கத்திரி வெயிலிலும் பகல் வெப்பம் 38, 40 என்று போகிறது. மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில் மலைக்குளிரில் முயல்களை வளர்க்கிறது. அந்தக் குளிருக்குப் பழகிய ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா இனங்களைக் கீழே கொண்டுவந்து மொட்டை மாடித் தகரக் கூரையின் கீழ் வைப்பது என்ன கொடுமை என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

முயலுக்கு வியர்க்காது. உடல் வெப்பத்தை அது பெரும்பாலும் செவிகளின் வழியாகவே வெளியேற்றுகிறது. வெப்பம் தாக்கிய முயலின் செவிகள் சிவந்து கொதிக்கும். மூக்கு வேகமாகத் துடிக்கும். மூக்கும் வாயும் நனையும். கால்களைப் பரப்பிப் படுத்துவிடும். முற்றினால் தள்ளாடும், வலிப்பு வரும். உடல் வெப்பம் 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும்.

உடனே நிழலும் காற்றும் உள்ள அறைக்கு எடுத்துச் சென்று, செவிகளையும் பாதங்களையும் நீரில் நனைத்த துணியால் தொடர்ந்து துடையுங்கள். எந்த நீர் என்பதில் கவனம் வேண்டும். மதிய நேரத்தில் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருவது சுடுநீர், அது உதவாது. குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் நீரும் கூடாது. அது தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். மண்பானை நீர்தான் சரியான பக்குவம். நனைத்த செவிகளின்மேல் மின்விசிறிக் காற்று படட்டும். உலர்ந்த முயலுக்கு விசிறி மட்டும் போட்டால், வியர்வை இல்லாத உடலை அது பெரிதாகக் குளிர்விக்காது. முயலைத் தொட்டியிலோ வாளியிலோ முக்கக் கூடாது. அதிர்ச்சியிலேயே இதயம் நின்றுபோகலாம். அது தானாகக் குடிக்க விரும்பினால் குடிக்கட்டும். மயங்கிய முயலின் வாயில் நீர் ஊற்றக் கூடாது. செவிச் சூடு தணிந்ததும் நனைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். எழுந்து நடமாடினாலும் கொண்டுசெல்ல வேண்டும், ஏனெனில் குடலிலும் சிறுநீரகத்திலும் ஏற்பட்ட பாதிப்பு மறுநாள்தான் தெரியும்.

வெயில் காலத்தில் செவி சில்லிட்டிருக்கும் முயலைக் கண்டு வெயில் தாக்கவில்லை என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். வெளியே 38 டிகிரி இருக்கும்போது செவி குளிர்ந்திருப்பது, இரத்த ஓட்டம் ஒடுங்கி உடல் அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்டதன் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும். அந்த முயலைக் குளிர்விக்காமல், வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்துச் சூடேற்ற வேண்டும்.

தடுப்பது எளிது. பகலில் வீட்டுக்குள் சிமென்ட் அல்லது ஓடு பதித்த தரையில் விடுவது, நீர் நிரப்பி உறைய வைத்த பிளாஸ்டிக் புட்டியைத் துணி சுற்றிச் சாய்ந்துகொள்ள வைப்பது, சன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிடுவது ஆகியவை போதும். மின்தடையின்போது செவியைத் தொட்டுப் பார்க்கும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.

மற்ற ஆபத்துகள்

முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. தலையை அண்ணாந்து வாயைத் திறந்து அது மூச்சு வாங்கினால், அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. மூக்கில் சளி இருந்தால் ஈரத் துணியால் துடைத்து, காற்றோட்டமான பெட்டியில், கட்டிப்பிடிக்காமல், பதற்றப்படுத்தாமல் கொண்டுசெல்லுங்கள். பிராணவாயு கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

ஈ மொய்க்கும் மழைக் காலத்தில் புழு வைப்பது மிகக் கொடியது. பின்புறத்தில் கழிச்சலோ சிறுநீரோ ஒட்டியிருக்கும் முயலின் மேல் ஈ முட்டையிடும். ஒரு நாளுக்குள் அவை பொரிந்து, புழுக்கள் தோலுக்குள் துளைத்துச் செல்லும். பருத்த முயலும் வயதான முயலும் தம் பின்புறத்தைத் தாமே தூய்மை செய்ய இயலாதவை என்பதால் அவற்றைத் தினமும் இருமுறை புரட்டாமல், கீழிருந்து ஒளி பாய்ச்சிப் பார்க்க வேண்டும். வெளியே தெரியும் புழுக்களை இடுக்கியால் எடுக்கலாம். ஆனால் உள்ளே இருப்பவற்றை வீட்டில் எடுக்க முடியாது. மாட்டுப் புண்ணுக்கு ஊற்றும் மருந்தையோ கற்பூர எண்ணெயையோ முயலின் காயத்தில் ஊற்றக் கூடாது. அந்த நாளே மருத்துவரிடம் போக வேண்டும்.

பால் மறந்த குட்டிக்கு நீராகக் கழிச்சல் போனால் சில மணி நேரமே அவகாசம். இரத்தக் கழிச்சல் எனப்படும் காக்ஸிடியோசிஸ் ஒரே கூண்டில் நெருக்கமாக வளரும் குட்டிகளை வரிசையாகக் கொல்லும்; ஒன்றுக்கு வந்தால் மற்றவற்றை உடனே பிரித்து, புழுக்கை மாதிரியை மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ந்த முயலின் பின்புறத்தில் மென்புழுக்கை அப்பியிருப்பது வேறு. அது பெரும்பாலும் தீனியில் மாவுச்சத்து மிகுந்ததன் விளைவு.

நாயோ பூனையோ கீரியோ கவ்விய முயலின் மேல் காயம் தெரியாவிட்டாலும் சிகிச்சை வேண்டும். பூனைப் பல்லின் துளை மயிருக்குள் மறைந்திருக்கும், அதன் எச்சிலில் உள்ள கிருமிகள் ஓரிரு நாளில் சீழ் வைக்கும், அச்சத்தின் அதிர்ச்சி தனியே கொல்லும். இரத்தம் வடிந்தால் தூய துணியால் ஐந்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். நகம் வெட்டும்போது கசிந்தால் சோளமாவோ மைதாவோ வைத்து அழுத்தினால் நின்றுவிடும். மின்கம்பியைக் கடித்த முயலைத் தொடும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். அது துள்ளி ஓடினாலும் நுரையீரலில் நீர் கோத்து ஆபத்து பின்னர் வரலாம்.

முயலின் எலும்புக்கூடு உடல் எடையில் எட்டு விழுக்காடு அளவே; பின்னங்கால் தசையோ மிகுந்த வலுவுள்ளது. பின்புறத்தைத் தாங்காமல் தூக்கும்போது அது உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். நம் சந்தைகளில் செவியைப் பிடித்துத் தூக்கிக் காட்டும் வழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. வாங்குவோர் முதலில் மறுக்க வேண்டியது அதைத்தான். பின்னங்கால்கள் இழுபட்டால் நடக்கவைத்துச் சோதிக்காமல், ஒரு பலகையின் மேல் துண்டு விரித்து அதில் கிடத்தி எடுத்துச்செல்லுங்கள்.

கழுத்து ஒரு பக்கம் திருகி, கண் ஆடி, முயல் உருண்டு உருண்டு விழுவதைக் காண்பவர்கள் அது இறந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் உட்செவியின் சீழோ, மூளையைத் தாக்கும் ஒரு நுண்ணுயிரியோ காரணமாக இருக்கும். சுருட்டிய துண்டுகளை இரு பக்கமும் அண்டக் கொடுத்து அடிபடாமல் வைத்து, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வாரக்கணக்கில் ஊட்டிப் பேணினால் பல முயல்கள் தேறுகின்றன; தலை சற்றுச் சாய்ந்தபடியே ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ்கின்றன. கருணைக்கொலை என்ற பேச்சுக்கு முதல் நாளிலேயே இணங்க வேண்டாம்.

சிறுநீர் சிவந்திருந்தால் முதலில் தீனியை நினைவுகூருங்கள். தழைகளின் நிறமிகளாலேயே முயலின் சிறுநீர் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறும். இரத்தத் துளிகளாகத் தனித்துத் தெரிந்தாலோ, முக்கி முக்கிச் சொட்டு சொட்டாகக் கழித்தாலோ அது வேறு செய்தி. பெண் முயலுக்கு நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்று மிகப் பரவலான நோய் என்பதால் அதன் இரத்தக் கசிவை ஒருபோதும் ஒதுக்கக் கூடாது.

சினை முயல் 30 முதல் 32 நாளில் ஈனும். அரை மணி நேரத்துக்கு மேல் முக்கியும் குட்டி வராவிட்டால் காத்திருக்க வேண்டாம். ஈன்ற பின் தாய் குட்டிகளின் பக்கமே போகவில்லை என்று பதறிப் பசும்பால் புகட்டுகிறவர்களுக்கு ஒன்று: தாய் முயல் நாளில் ஒருமுறை, சில நிமிடங்கள் மட்டுமே பாலூட்டும். குட்டியின் வயிறு உருண்டிருந்தால் எந்தக் குறையும் இல்லை.

அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உன்னிச்செடி, மரவள்ளித் தழை ஆகியவை நம் வேலியோரங்களில் நிற்பவை. அவற்றைத் தின்றதாகத் தெரிந்தால் செடியின் ஒரு கிளையைக் கையோடு எடுத்துச்செல்லுங்கள். உப்பு நீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் முயற்சி முயலிடம் பயன்படாது.

கைவைக்கக் கூடாத மருந்துகள்

எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், முயலின் கால் புண்ணுக்காகக் குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த அமாக்ஸிசிலின் சிரப்பைக் கொடுத்தார்கள். புண் ஆறத் தொடங்கியது. மூன்றாம் நாள் கழிச்சல் கண்டது. ஐந்தாம் நாள் முயல் இல்லை. வாய்வழி அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின், லிங்கோமைசின் ஆகியவை முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நஞ்சுமிழும் கிருமிகளுக்கு இடம் கொடுத்துவிடும். நாய்க்கு உண்ணி போக்கத் தெளிக்கும் ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. மனிதருக்கான வலி மாத்திரைகளையும் விளக்கெண்ணெயையும் தொட வேண்டாம். கூச்சப்படாமல், மருத்துவர் எழுதும் ஒவ்வொரு மருந்தையும் சுட்டி, “இது முயலுக்கு வாய்வழி கொடுக்கலாமா, ஐயா?” என்று கேளுங்கள். ஆடுமாடுகளையும் நாய்களையுமே நாள் முழுதும் பார்க்கும் மருத்துவர்கள் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை என்பது என் அனுபவம்.

மருத்துவரிடம் கொண்டுசெல்லுதல்

முயல் நலமாக இருக்கும் ஒரு நாளில் இரண்டு மருத்துவர்களையாவது கண்டு, முயலுக்குச் சிகிச்சை செய்த பழக்கம் உண்டா, இரவில் அழைக்கலாமா என்று கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தல்லாகுளத்தில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. வளர்ப்பு குறித்த ஐயங்களுக்குத் திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்தை அணுகலாம். அறுவை சிகிச்சை போன்ற பெரிய தேவைகளுக்குத் தேனியிலும் திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. சுற்றுப்புறச் சிற்றூர்களில் இருப்போர் 1962 என்ற கால்நடை அவசர எண்ணை அழைத்து வழி கேட்கலாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாள்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம் வழியாக வண்டி நகராது என்பதையும் முன்கூட்டியே எண்ணிவையுங்கள். வேட்டும் மேளமும் ஒலிக்கும் அந்த நாள்களிலும் தீபாவளியிலும்தான் அச்சத்தால் குடல் நிற்கும் முயல்கள் மிகுதி.

இருசக்கர வண்டியில் கட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுசெல்வது வேண்டாம். பக்கங்களில் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துண்டு விரித்து, ஒரு பிடி புல் போட்டு, ஆட்டோவில் மடியில் வைத்துச் செல்லுங்கள். இணை முயல் இருந்தால் அதையும் உடன் வைத்தால் அச்சம் தணியும். கடைசியாக எப்போது தின்றது, எப்போது புழுக்கை போட்டது, என்ன கொடுத்தீர்கள், எடை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தட்டில் உள்ள புழுக்கையை மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்போ தள்ளாட்டமோ வந்தால் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள். மருத்துவரின் மேசையில் வைத்ததும் முயல் தன்னை அடக்கிக்கொண்டு நலமாக இருப்பதுபோல் உட்காரும். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தால், வாந்தி எடுக்காத பிராணி என்பதால் அதற்கு முன் நீண்ட பட்டினி வேண்டாம் என்பதையும் நினைவூட்டுங்கள்.

வீடு திரும்பிய பின் இரண்டு நாள்கள் முயலைக் கூண்டில் தனியே விடாமல், வெள்ளைத் துணி விரித்த ஒரு மூலையில் வையுங்கள். வெள்ளைத் துணியில் விழும் புழுக்கையை எண்ணுவது எளிது. முதலில் வருபவை கடுகளவில், கறுத்து, கோணலாக இருக்கும். அவை வந்தாலே குடல் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே கூழை நிறுத்திவிட வேண்டாம். நான்கு மணிக்கு ஒருமுறை புல்லை முன்னே வைத்து, தானாகத் தின்கிறதா என்று பாருங்கள். இரவிலும் ஒருமுறை எழுந்து பாருங்கள். புழுக்கைகள் பழைய அளவுக்கும் பழைய எண்ணிக்கைக்கும் திரும்பி, அந்தியில் தட்டின் ஓசைக்கு முயல் எழுந்து வரும்போது, கூழை ஒரு வேளையாகக் குறைத்து, மறுநாள் மருத்துவரிடம் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.